‘ஹலாலா?’ என்று கேட்டால் போதுமா?

கல்லாவுக்குப் பின்னால் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு சான்றிதழ். பச்சை முத்திரை, அரபி எழுத்தில் ‘ஹலால்’, கீழே ஒரு கையெழுத்து. பிள்ளைகளுக்கு நல்ல பசி, எனக்கும்தான். அதைப் பார்த்ததும் நிம்மதியாக உட்கார்ந்துவிட்டோம். ஆர்டர் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்த நேரத்தில் கைபேசியில் அதைப் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதில் அந்த உணவகத்தின் பெயரே இல்லை. ஏதோ ஓர் இறைச்சி நிறுவனத்தின் பெயர் இருந்தது. தேதி காலாவதியாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது.

கல்லாவில் இருந்தவரிடம் மெதுவாகக் கேட்டேன். “அது முன்னாடி கறி போட்டவங்க கொடுத்ததுங்க. இப்ப வேற இடத்துல வாங்குறோம். ஆனா ஹலால்தான், பயப்படாம சாப்பிடுங்க” என்றார். பொய் சொல்கிற முகமாக இல்லை. பழைய சட்டத்தை யாரும் கழற்றவில்லை, அவ்வளவுதான். மாட்டியவரும் அதைப் படித்திருக்க மாட்டார். அதைப் பார்த்து உட்கார்ந்த நாங்களும் படிக்கவில்லை.

வெளியே சாப்பிடும்போது நடக்கிற தவறுகள் பெரும்பாலும் இந்த ரகம்தான். வேண்டுமென்றே ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ‘ஹலால்’ என்ற ஒரே சொல்லை ஆளுக்கொரு அர்த்தத்தில் சொல்கிறவர்கள் அவர்களைவிட அதிகம். ஒருவருக்கு அது ‘பன்றி கிடையாது’. இன்னொருவருக்கு ‘கோழி மட்டும் ஹலால், மாடு வேறு இடத்திலிருந்து வருகிறது’. மூன்றாமவருக்கு ‘முதலாளி முஸ்லிம்’. நாம் போய் ‘ஹலாலா?’ என்று கேட்டால் மூவருமே மனசாட்சியோடு ‘ஆமாம்’ என்பார்கள். ஆகவே ‘ஆமாம்’ என்று சொல்லி முடித்துவிட முடியாத கேள்வியாகக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்பதற்கு, நாம் எதைத் தேடுகிறோம் என்பது முதலில் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எது விலக்கப்பட்டது?

திருக்குர்ஆன் இதை நேரடியாகவே சொல்கிறது. 2:173 வசனத்தில் நான்கு விஷயங்கள்: தானாகச் செத்தது, இரத்தம், பன்றி இறைச்சி, அல்லாஹ் அல்லாதவர் பெயரில் அறுக்கப்பட்டது. 5:3 வசனம் இன்னும் விரித்து, கழுத்து நெரிந்து செத்தது, அடிபட்டுச் செத்தது, மேலிருந்து விழுந்து செத்தது, கொம்பால் முட்டப்பட்டுச் செத்தது, வனவிலங்கு கடித்துத் தின்றது என்று அடுக்குகிறது. இவற்றில் உயிர் போவதற்குள் நாம் முறைப்படி அறுத்துவிட்டது மட்டும் விதிவிலக்கு. மதுவை 5:90 தடுக்கிறது. கோரைப் பல்லால் வேட்டையாடும் விலங்குகளையும் நகத்தால் பற்றி வேட்டையாடும் பறவைகளையும் ஹதீஸ்கள் (நபிமொழிகள்) விலக்குகின்றன.

ஆடு, மாடு, கோழி எல்லாம் இயல்பிலேயே ஹலாலான பிராணிகள். ஆனால் அறுத்த விதத்தில் அவை ஹராம் (விலக்கப்பட்டவை) ஆகிவிடலாம். ‘நாங்கள் பன்றியே வைப்பதில்லை’ என்பது பாதிப் பதில்தான் என்பது இதனால்தான். அறுப்பவர் முஸ்லிமாக இருந்து, அல்லாஹ்வின் பெயரைச் (பிஸ்மில்லாஹ்) சொல்லி, கூரான கத்தியால் குரல்வளை, உணவுக்குழாய், கழுத்தின் இரு பக்க இரத்தக் குழாய்கள் ஆகியவற்றை வெட்டி, இரத்தம் வடிய விடுவது முழுமையான முறை. இதில் குறைந்தபட்சம் எவை வெட்டப்பட வேண்டும் என்பதில் மத்ஹபுகளுக்கு (இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளுக்கு) இடையே வேறுபாடு உண்டு. அறுக்கும் நொடியில் பிராணிக்கு உயிர் இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் வேறுபாடு இல்லை.

பிஸ்மில்லாஹ் விஷயத்திலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வேண்டுமென்றே சொல்லாமல் விட்டால் ஹனஃபி மத்ஹபில் அந்த இறைச்சி கூடாது, மறந்துபோயிருந்தால் கூடும். ஷாஃபி மத்ஹபில் சொல்வது சுன்னத், அதாவது நல்லது, கட்டாயம் இல்லை. கடல் உணவிலும் வேறுபாடு உண்டு. ஹனஃபிகள் மீனோடு நிறுத்திக்கொள்வார்கள், இறால் மீன் கணக்கில் வருமா என்று அவர்களுக்குள்ளேயே பேச்சு உண்டு. மற்ற மத்ஹபுகளில் கடல்வாழ் உயிர்கள் ஏறக்குறைய எல்லாமே ஆகும். அறுக்க வேண்டும் என்ற நிபந்தனை மீனுக்கு எந்த மத்ஹபிலும் இல்லை. நம் நிலைப்பாடு என்ன என்பதை வீட்டிலேயே, தெரிந்த ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) கேட்டு முடிவு செய்துகொள்வது நல்லது. பசியோடு மெனு அட்டையைப் பிடித்துக்கொண்டு ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) ஆராய்ச்சி செய்தால் உருப்படாது.

யூத, கிறிஸ்தவர்கள் அறுத்ததைப் பற்றியும் கேட்பார்கள். வேதம் கொடுக்கப்பட்டவர்களின் உணவு உங்களுக்கு ஆகுமானது என்று 5:5 சொல்கிறது. ஆனால் இன்றைய பெரிய இறைச்சி ஆலைகளில் அறுப்பவர் யார், அவர் மதத்தைப் பின்பற்றுகிறவரா, எப்படி அறுக்கிறார் என்று எதுவுமே தெரியாத நிலையில் அந்த வசனத்தைக் கடையில் கிடைக்கும் எல்லா இறைச்சிக்கும் பொருத்த முடியாது என்று பல ஆலிம்கள் சொல்கிறார்கள். எனக்கும் அதுதான் மனசுக்குச் சரியாகப் படுகிறது.

ஆலையில் நடப்பது

முத்திரை போட்ட இறைச்சிகளுக்குள்ளேயே ஏன் சண்டை வருகிறது என்பது இங்கேதான் புரியும்.

பெரிய கோழி ஆலையில் கோழிகளைக் கால்களில் கொக்கி மாட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு, நகரும் சங்கிலியில் அனுப்புவார்கள். பல ஆலைகளில் அவற்றின் தலை முதலில் மின்சாரம் பாயும் தண்ணீர்த் தொட்டியில் நனைந்து வரும். கோழி மயங்கி, சிறகடிக்காமல் அறுப்பு இடத்துக்கு வந்து சேரும். மின்சாரம் அளவாக இருந்தால் அது வெறும் மயக்கம். அப்படியே விட்டால் சிறிது நேரத்தில் கோழி எழுந்துவிடும். அளவு கூடினால் கத்தி படுவதற்கு முன்பே இதயம் நின்றுவிடும். அப்புறம் யார் என்ன சொல்லி அறுத்தாலும் அது செத்த கோழிதான். சங்கிலி ஓடுகிற வேகத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்து ஒதுக்குவது லேசான வேலை இல்லை.

அடுத்தது இயந்திரக் கத்தி. சுழலும் தகடு ஒன்று வரிசையாக வரும் கழுத்துகளை வெட்டிக்கொண்டே போகும். பொத்தானை அமுக்குகிறவர் ஆரம்பத்தில் ஒரு முறை பிஸ்மில்லாஹ் சொன்னால் போதுமா, ஒவ்வொரு கோழிக்கும் சொல்ல வேண்டாமா? இதில் சான்றிதழ் கொடுக்கும் அமைப்புகள் பிரிந்து நிற்கின்றன. பிரிட்டனில் 1994இல் தொடங்கிய ஹலால் ஃபுட் அத்தாரிட்டி, உயிர் போகாத அளவுக்கு மயக்கமூட்டுவதை நிபந்தனையோடு ஏற்கிறது. அதே நாட்டில் 2003இல் வந்த ஹலால் மானிட்டரிங் கமிட்டி மயக்கமூட்டுவதையும் ஏற்பதில்லை, இயந்திர அறுப்பையும் ஏற்பதில்லை. இருவரின் முத்திரையிலும் ‘ஹலால்’ என்றுதான் இருக்கும்.

இதில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் முத்திரையைப் பார்க்கும்போது அதைக் கொடுத்தது யார் என்று பார்க்காவிட்டால் பாதிதான் பார்த்திருக்கிறோம். ‘ஜபீஹா’ என்று சில உணவகங்கள் தனியாக எழுதிப் போடுவதும் இந்தக் காரணத்துக்காகத்தான்: கையால், மனிதர் அறுத்தது என்று காட்டிக்கொள்ள. அதையும் சொல்லோடு விடாமல் யார் உறுதி செய்தது என்று கேட்க வேண்டும்.

சான்றிதழை எப்படிப் படிப்பது?

சில நாடுகளில் இது அரசு சார்ந்த வேலை. மலேசியாவில் 2012 முதல் ஜாகிம் என்ற அரசின் இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையும் மாநில இஸ்லாமிய மன்றங்களும் மட்டுமே ஹலால் சான்றிதழ் கொடுக்க முடியும். கண்ட கண்ட முத்திரையைப் போட்டுக்கொண்டால் குற்றம். சிங்கப்பூரில் மூயிஸ் என்ற இஸ்லாமிய சமய மன்றம் 1978 முதல் இதைச் செய்துவருகிறது. இந்தோனேசியாவில் 2014இல் ஹலால் உத்தரவாதச் சட்டமே கொண்டுவந்தார்கள். இந்த இடங்களில் முத்திரை உண்மையானதா என்று அந்தந்த அமைப்பின் தளத்தில் கடை பெயரைப் போட்டுத் தேடினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அமெரிக்கா மாதிரி நாடுகளில் அப்படி ஓர் ஒற்றை அதிகார அமைப்பு கிடையாது. 1982இல் தொடங்கிய இஃபான்கா போல தனியார் அமைப்புகள் பல இருக்கின்றன, ஆளுக்கொரு விதிமுறை. அங்கே நியூ ஜெர்சி மாநிலம் 2000ஆம் ஆண்டில் ஒரு சட்டம் போட்டது. ஹலால் என்றால் என்ன என்று அரசு வரையறுக்கப் போவதில்லை, ஆனால் ஹலால் என்று விற்கிறவர் எந்த அடிப்படையில் அப்படிச் சொல்கிறார் என்பதை எழுதி மாட்ட வேண்டும் என்றது. நான் கேட்கச் சொல்லும் கேள்வியும் கிட்டத்தட்ட இதேதான்: எந்த அடிப்படையில்?

சுவரில் சான்றிதழ் இருந்தால் கிட்டப் போய்ப் பாருங்கள். கூச்சப்பட வேண்டாம், மாட்டியிருப்பதே பார்ப்பதற்குத்தான். பெயர் இந்த உணவகத்தின் பெயரா? முகவரி இந்தக் கிளையின் முகவரியா? ஒரே பெயரில் பத்துக் கிளை இருந்தாலும் சான்றிதழ் இரண்டுக்கு மட்டும் இருக்கலாம். தேதி முடிந்துவிட்டதா? அப்புறம், அது எதற்குக் கொடுக்கப்பட்டது? இறைச்சி சப்ளை செய்யும் நிறுவனத்துக்குக் கொடுத்த சான்றிதழ், அந்த நிறுவனத்தின் வாசலோடு முடிந்துவிடுகிறது. இந்தச் சமையலறையில் அந்த இறைச்சிதான் வருகிறதா, வந்த பிறகு அதற்கு என்ன ஆகிறது என்று அது சொல்லாது. உணவகத்துக்கே கொடுத்த சான்றிதழ்தான் சமையலறைக்குள்ளும் வந்து பார்த்த சான்றிதழ்.

பலகையில் எழுதியிருப்பதையும் எழுத்தெண்ணிப் படிக்க வேண்டும். ‘ஹலால் இறைச்சி பயன்படுத்துகிறோம்’ என்றால் எல்லா இறைச்சியுமா என்று தெரியாது. ‘ஹலால் வகைகள் உண்டு’ என்றால் ஹலால் அல்லாதவையும் அங்கே உண்டு. ‘முஸ்லிம்களுக்கு ஏற்றது’, ‘பன்றி இல்லை, பன்றிக் கொழுப்பு இல்லை’ என்பதெல்லாம் தகவல், சான்றிதழ் ஆகாது. சுவரில் மாட்டிய குர்ஆன் வசனமும் பலகையில் இருக்கும் பிறையும் இந்தக் கணக்கில் சேராது.

அடுப்பங்கரை

ஒரு முறை திறந்த சமையலறை உள்ள இடத்தில் உட்கார்ந்திருந்தேன். கோழி ஹலால்தான் என்று மெனுவிலேயே போட்டிருந்தார்கள். மாஸ்டர் நீள இடுக்கியால் கிரில்லில் இருந்த பன்றித் துண்டுகளைப் புரட்டினார். அதே இடுக்கியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பக்கத்தில் கிடந்த கோழியைப் புரட்டினார். பன்றிக் கொழுப்பு உருகி ஓடிவந்து கோழிக்கு அடியில் சடசடவென்று பொரிந்தது. முறைப்படி அறுத்து, முத்திரை போட்டு, அட்டைப் பெட்டியில் பத்திரமாக வந்த கோழி, அந்த இடுக்கி பட்ட இடத்தில் நஜீஸ் (அசுத்தம்) ஆனது. நான் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன்.

ஆகவே கறி எங்கிருந்து வருகிறது என்பதற்கு அடுத்து, அது எதோடு சேர்கிறது என்று கேட்க வேண்டும். பொரிக்கும் எண்ணெய்தான் இதில் முதல் ஆள். உருளைக்கிழங்கு வறுவல் சைவம்தானே என்று வாங்குவோம். அதே ஃப்ரையரில் பத்து நிமிடத்துக்கு முன் என்ன பொரிந்தது என்று யாருக்குத் தெரியும்? கிரில், வெட்டுப்பலகை, கத்தி, இடுக்கி எல்லாம் இதே கணக்கு.

மதுவுக்கு வருவோம். ‘சமைக்கும்போது ஆல்கஹால் எல்லாம் ஆவியாகிப் போய்விடும்’ என்று நிறைய பேர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அது சரி இல்லை. அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி, மதுவைக் கலந்து 15 நிமிடம் கொதிக்க வைத்தாலும் அதிலுள்ள ஆல்கஹாலில் 40 சதவீதம் மிஞ்சுகிறது. ஒரு மணி நேரத்தில் 25, இரண்டரை மணி நேரத்தில் 5. மேலே ஊற்றித் தீ மூட்டிக் காட்டும் வித்தையில் 75 சதவீதம் அப்படியே இருக்கும். அதோடு, எவ்வளவு மிஞ்சுகிறது என்பது இரண்டாவது பேச்சு. மதுவை ஊற்றிச் சமைப்பதே கூடாது என்பதுதான் முதல் பேச்சு. வைன் கலந்த சாஸ், அரிசி மது, மிரின் (ஜப்பானிய இனிப்புச் சமையல் மது) போன்றவை இறைச்சியே இல்லாத தட்டிலும் நுழைந்துவிடும். வினிகர் இதில் சேராது. நபி (ஸல்) அவர்கள் அதை நல்ல குழம்பு என்று சொன்னதாக ஹதீஸ் இருக்கிறது.

இனிப்பில் இன்னும் கவனம் வேண்டும். ஜெலட்டின் பெரும்பாலும் பன்றித் தோலிலிருந்தோ மாட்டுத் தோல், எலும்பிலிருந்தோ வருகிறது. துள்ளித் துள்ளி ஆடும் இனிப்பு, மார்ஷ்மெல்லோ, சில வகை கேக் மேல்பூச்சு என்றால் கேட்டே ஆக வேண்டும். பாலாடைக்கட்டியில் பாலைத் திரிக்கப் போடும் ரென்னெட் கன்றின் இரைப்பையிலிருந்தும் வரலாம், நுண்ணுயிரியிலிருந்தும் வரலாம். பொட்டலங்களில் இ471 (E471) என்ற சேர்க்கைப் பொருள் எண் இருந்தால் அது கொழுப்பிலிருந்து வந்த பொருள். தாவரக் கொழுப்பா, விலங்குக் கொழுப்பா என்று அந்தக் குறியீட்டை வைத்துச் சொல்ல முடியாது. இ120 பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு நிறம். இந்த எண்கள் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எங்கே சந்தேகம் வர வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

கேட்பது எப்படி?

முடிந்தால் போகும் முன்பே போன் செய்துவிடுங்கள். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, முதலாளியிடமோ மேலாளரிடமோ. இரவு எட்டு மணிக்கு, நாலு தட்டைக் கையில் ஏந்தி நிற்கும் பையனிடம் அறுப்பு முறையைப் பற்றிக் கேட்டால் அவன் பாவம், நம்மைச் சமாதானப்படுத்தத் தலையாட்டத்தான் செய்வான்.

‘உங்களுக்குக் கறி எங்கிருந்து வருது?’ என்று ஆரம்பியுங்கள். தெரிந்தவர் பெயரைச் சொல்வார், பெட்டியைக் கொண்டுவந்தே காட்டுகிறவர்களும் உண்டு. தெரியாதவர் ‘எல்லாம் ஹலால்தாங்க’ என்று சுற்றிவருவார். அந்த வித்தியாசமே பாதி விடை. பிறகு ‘கோழி, ஆடு, மாடு எல்லாமே ஒரே இடத்திலிருந்தா?’, ‘பொரிக்கிற எண்ணெய் தனியா?’, ‘சமையலில் மது சேர்ப்பீங்களா?’ இவ்வளவுதான். போலீஸ் விசாரணை மாதிரி கேட்காமல், ‘எங்களுக்கு இது முக்கியம், அதான் கேட்கிறேன்’ என்று ஒரு வார்த்தை முன்னால் போட்டுக்கொண்டால் பெரும்பாலானோர் பொறுமையாகப் பதில் சொல்கிறார்கள். முஸ்லிம் அல்லாத முதலாளிகள் சிலர் நம்மைவிடத் துல்லியமாகச் சொன்னதையும் பார்த்திருக்கிறேன். ‘எண்ணெய் ஒன்றுதான், உங்களுக்குச் சரிவராது’ என்று வாடிக்கையை இழந்தாலும் பரவாயில்லை என்று சொன்னவரும் உண்டு.

செயலிகளும் வரைபடத் தேடலும் ஆரம்பத்துக்கு உதவும், முடிவுக்கு உதவாது. ‘ஹலால்’ என்று தேடினால் ஓர் உணவகம் வரும். காரணம் யாரோ ஒருவர் விமர்சனத்தில் ‘இங்கே ஹலால் இல்லை’ என்று எழுதியிருப்பார். ஹலால் உணவகங்களுக்கென்றே 1998 முதல் இருக்கும் ஸபிஹா போன்ற தளங்களில் விவரம் அதிகம், ஆனால் எழுதிய தேதியைப் பாருங்கள். முதலாளி மாறினால் கறி வரும் இடமும் மாறும்.

எதில் நிறுத்துவது?

இவ்வளவையும் படித்துவிட்டு ‘வெளியே சாப்பிடவே வேண்டாம் போலிருக்கே’ என்று தோன்றலாம். அப்படி ஆகிவிடக் கூடாது. ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு செய்தி புகாரி என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. புதிதாக இஸ்லாத்துக்கு வந்த சிலர் இறைச்சி கொண்டுவருகிறார்கள், அல்லாஹ்வின் பெயர் சொல்லி அறுத்தார்களா என்று தெரியவில்லை என்று மக்கள் கேட்டபோது, நீங்கள் அவன் பெயரைச் சொல்லிச் சாப்பிடுங்கள் என்றார்கள் நபியவர்கள். அதாவது ஒரு முஸ்லிம் கொடுக்கும் இறைச்சியைத் தோண்டித் துருவ வேண்டியதில்லை. ஹலால்தான் என்று பொறுப்போடு சொல்லும் முஸ்லிம் முதலாளியின் வார்த்தையை, அதற்கு மாறாக எதுவும் கண்ணில் படாதவரை, ஏற்றுக்கொள்ளலாம். சான்றிதழ் வாங்க வசதி இல்லாத, ஆனால் தானே போய்க் கறி வாங்கிவரும் சின்ன உணவகங்கள் எத்தனையோ இருக்கின்றன.

சிலர் இதே ஹதீஸைக் காட்டி ‘பிஸ்மில்லாஹ் சொல்லிவிட்டு எதையும் சாப்பிடலாம்’ என்பார்கள். அது அத்துமீறல். முஸ்லிம்கள் அறுத்துக் கொண்டுவந்ததைப் பற்றிய பேச்சு அது. செத்ததையும் பன்றியையும் பிஸ்மில்லாஹ் ஹலாலாக்காது.

ஹலாலும் தெளிவானது, ஹராமும் தெளிவானது, இரண்டுக்கும் நடுவே சந்தேகமானவை இருக்கின்றன என்று இன்னொரு ஹதீஸ். நடுவில் மாட்டிக்கொண்டால் எனக்குக் கைகொடுப்பது மீனும் காய்கறியும்தான். தனிச் சட்டியில் சமைக்கச் சொல்லி, மது சேர்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. விசாரித்தும் தெரியாமல் ஏதாவது உள்ளே போய்விட்டால் அதற்காக இரவெல்லாம் தூங்காமல் இருக்க வேண்டியதில்லை. தவறுதலாகச் செய்ததில் உங்கள் மீது குற்றம் இல்லை என்று 33:5 சொல்கிறது. அடுத்த முறை அங்கே போகாதீர்கள், சரி.

அலுவலக விருந்துகளுக்கு என் வழி ஒன்றே. யாராவது ‘எங்கே போகலாம்?’ என்று பேச்சை எடுத்ததுமே, ஏற்கெனவே விசாரித்து வைத்த இரண்டு பெயர்களை முதல் ஆளாகச் சொல்லிவிடுவேன். இடம் முடிவான பிறகு ‘எனக்கு அங்கே சரிவராது’ என்றால்தான் எல்லோருக்கும் சங்கடம். முதலில் ஒரு பெயர் விழுந்துவிட்டால் பெரும்பாலும் யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. அவர்களுக்கும் யோசிக்கிற வேலை மிச்சம்.